கிளிநொச்சியின் நீளம்

செய்நிரல் மொழி ஒன்றைக் கணினியில் நிறுவும்போது அதனுடன் கூடவே வரும் சார்புகளின் தொகுதி நியம நூலகம் எனப்படும். சரத்தை வெட்டுவது, அணியை வரிசைப்படுத்துவது, கோப்பைத் திறப்பது, நேரத்தைக் கணிப்பது, வலையமைப்பில் இன்னொரு கணினியோடு பேசுவது எல்லாம் அதற்குள் அடங்கும். அந்தச் சார்புகள் ஒவ்வொன்றும் எதை வாங்குகிறது, எதைத் திருப்பித் தருகிறது, எந்த இடத்தில் வழுவுகிறது என்பதை எழுதிவைப்பது உசாத்துணை ஆவணம். பாடநூலைப்போல் இதை முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பார் இல்லை. வேலையின் நடுவே தடைப்பட்டு நிற்பவர் ஒரு வரியைத் தேடி வருவார்; கிடைத்ததும் போய்விடுவார். ஆகவே ஒவ்வொரு பக்கமும் தன் காலில் நிற்கவேண்டும். முன்பக்கத்திலேயே சொல்லியாயிற்று என்ற சாட்டு இங்கே எடுபடாது.

இலங்கையில் உருவாகி வெளியுலகப் பயன்பாட்டுக்குப் போன செய்நிரல் மொழி பலரினா. 2005இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் இதை 2017இல் வெளியே கொண்டுவந்தது. 1.0 பதிப்பு 2019 செப்டெம்பரில் வந்தது. ‘சுவான் லேக்’ என்னும் வரிசை 2022 தொடக்கத்தில் 2201.0.0 என்ற இலக்கத்தோடு வந்தது. முதல் நான்கு இலக்கங்கள் ஆண்டையும் மாதத்தையும் குறிப்பவை. மொழியின் வடிவமைப்பில் முக்கிய பங்கெடுத்தவர் ஜேம்ஸ் கிளார்க். யுனிக்ஸ் கையேட்டுப் பக்கங்களை அச்சுக்கு ஒழுங்குபடுத்தும் குரோஃப் மென்பொருளை எழுதியவரும் அவரே. ஆவணக்காரருக்கு இந்த மொழியோடு ஒரு பழைய உறவு உண்டு என்று பெருமைப்பட்டுக்கொள்ள அது போதும். மொழியின் மூலக்குறிமுறை திறந்தது. நூலகத்தின் கூறுகள் தனித்தனிக் களஞ்சியங்களில் இருக்கின்றன. திருத்தம் அனுப்புவதற்குக் கொழும்பில் குடியிருக்க வேண்டியதில்லை. 2014இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தின் விடுதியிலிருந்தும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகத்தின் பம்பைமடு வளாகத்திலிருந்தும் அதே வேலையைச் செய்யலாம்.

பலரினாவில் சார்பின் விளக்கம் தனிக் கோப்பில் இருப்பதில்லை. சார்புக்கு நேர் மேலே, # குறியோடு தொடங்கும் வரிகளில் எழுதப்படுகிறது. முதல் வாக்கியம் சுருக்கம். அதன்கீழ் ஒவ்வொரு பரமானத்துக்கும் கூட்டல் குறி இட்ட ஒரு வரி, திருப்பும் பெறுமானத்துக்கு ஒரு வரி. ‘பால் டொக்’ என்ற கட்டளை இவற்றைத் திரட்டிப் பக்கங்களாக்கும். குறிமுறையும் விளக்கமும் ஒரே இடத்தில் கிடந்தால் ஒன்றை மாற்றுபவர் மற்றதையும் மாற்றுவார் என்பது இந்த ஏற்பாட்டின் நம்பிக்கை. 1990களில் ஜாவா பரப்பிய வழி இது. நம்பிக்கை பாதிதான் பலிக்கிறது. பரமானத்தின் பெயரை மாற்றிவிட்டு மேலே உள்ள வரியை அப்படியே விட்டால் கம்பைலர் எச்சரிக்கும்: இல்லாத பரமானத்துக்கு விளக்கம் இருக்கிறது, இருக்கிற பரமானத்துக்கு விளக்கம் இல்லை என்று. விளக்கம் பொய்யாகிவிட்டதை எந்தக் கம்பைலரும் அறியாது. ‘பெயர்’ என்ற பரமானத்துக்கு நேரே ‘பெயர்’ என்றே எழுதி எச்சரிக்கையை வாயடைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பராமரிப்புக்குப் புதிதாக வருபவர் முதலில் தேடவேண்டியது இந்த வெற்று நிரப்பல்களைத்தான். விளக்கமே இல்லாத இடம் எப்படியும் கண்ணில் குத்தும், இவை குத்தா.

சார்பின் தலைப்பு வரி பலவற்றைத் தானே சொல்லிவிடும். பலரினாவில் வழு என்பது ஒரு பெறுமானம். வழுவைத் திருப்பக்கூடிய சார்பின் தலைப்பிலேயே அது எழுதியிருக்கும். தேடியது அகப்படாவிட்டால் வெறுமை திரும்பும் என்றால் அதையும் ஒரு கேள்விக்குறி காட்டிவிடும். ஆனால் ‘பேனிக்’ என்று இன்னொன்று உண்டு. அது வந்தால் செய்நிரல் நடுவழியில் முறிந்து நிற்கும். தலைப்பில் அதற்கு அடையாளம் கிடையாது. சரத்தில் ஒரு துண்டை வெட்டும் சப்ஸ்ட்ரிங் சார்புக்கு எல்லை தாண்டிய எண்ணைக் கொடுத்தால் பேனிக். வெற்று அணியின் கடைசி உறுப்பை எடுக்கச் சொன்னாலும் பேனிக். இதைச் சொல்ல விளக்க வாக்கியத்தை விட்டால் வேறு இடம் இல்லை. தொடக்க எண் உள்ளடங்குமா, முடிவு எண் உள்ளடங்காதா, இரண்டும் ஒன்றானால் வெற்றுச் சரம் வருமா முறியுமா என்று உசாத்துணை எழுதுபவரின் பொழுது பெரும்பாலும் ஓரங்களில்தான் கழிகிறது. நடுப்பகுதி எல்லாருக்கும் தெரியும். அதற்கு யாரும் பக்கத்தைத் திறப்பதில்லை.

ஓரங்கள் அதிகம் கிழிவது சரங்களில். நீளம் தரும் லெங்த் சார்புக்குக் ‘கிளிநொச்சி’ என்ற பெயரைக் கொடுத்துப் பார்க்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளை ஐந்து எழுத்து என்னும்: கி, ளி, நொ, ச், சி. பலரினா 10 என்னும். யூனிகோடில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கிடையாது. அகரமேறிய மெய்க்கு ஒரு குறியெண், அதன்மேல் ஏறும் குறிக்கு இன்னொன்று. க, இகரக் குறி, ள, இகரக் குறி, ந, ஒகரக் குறி, ச, புள்ளி, ச, இகரக் குறி: பத்து. கோ மொழியிலும் ரஸ்டிலும் கேட்டால் 30 வரும். அவை பைட்டை எண்ணுகின்றன. தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் யூ.டி.எஃப்-8இல் 3 பைட் பிடிக்கும். சுவிஃப்ட் 5 என்று சொல்லிப் பிள்ளையின் பக்கம் நிற்கும். இவற்றில் எதுவும் பிழையில்லை, எண்ணும் பொருள்தான் வேறு. ‘சரத்தின் நீளத்தைத் தரும்’ என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளும் பக்கம்தான் பிழை. பலரினாவின் பக்கம் குறியெண்களின் எண்ணிக்கை என்று தெளிவாகவே சொல்கிறது. அந்தச் சொல் விழுந்துபோனால் சார்பில் ஒன்றும் மாறாது. தமிழ்ப் பெயர்களோடு வேலை செய்பவர் மட்டும் திண்டாடுவார்.

இதோடு முடிந்தால் நல்லது. ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியெண்ணாக, அல்லது எகரக் குறியும் அதன்பின் காலுமாக இரண்டு குறியெண்களாக. திரையில் இரண்டும் ஒன்றே. பாமினி எழுத்துருவில் ஆண்டுக்கணக்காகத் தட்டிச் சேர்த்த பழைய பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றும்போது, மாற்றும் கருவி அரைகுறையாக இருந்தால், இரண்டாவது வடிவம் உள்ளே நுழைந்துவிடும். அப்போது கிளிநொச்சியின் நீளம் 11. பழைய பட்டியலின் கிளிநொச்சியும் புதிதாகத் தட்டிய கிளிநொச்சியும் சமமா என்று கேட்டால் இல்லை என்று பதில் வரும். முதல் ஆறு குறியெண்களை வெட்டினால் ஒன்றில் ‘கிளிநொ’, மற்றதில் ‘கிளிநெ’. வழுச் செய்தி எதுவும் வராது. ஒரே ஊர் அறிக்கையில் இரண்டு வரிகளாகப் பிரிந்து நிற்கும். ஊர்வாரியாக மாணவரை எண்ணும் அறிக்கையானால் மாணவர் தொகையும் இரண்டாகப் பிரியும். இதற்கு யூனிகோட் வைத்திருக்கும் வழி இயல்பாக்கம்: ஒப்பிடுவதற்கு முன் இரண்டு சரங்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. சமன் பார்க்கும் குறி இதைத் தானாகச் செய்யாது என்று பக்கத்தில் ஒரு வாக்கியம் இருந்தால் வாசகருக்கு அரை நாள் மிச்சம். இயல்பாக்கமும் எல்லாவற்றையும் தீர்க்காது. ஔகாரக் குறியின் வாலுக்குப் பதிலாக ‘ள’ எழுத்தையே தட்டியிருந்தால் அது கண்ணுக்குத் தப்பும், இயல்பாக்கத்துக்கும் தப்பும். அது தட்டச்சுப் பிழை; நூலகத்தின் பக்கம் அதுவரைக்கும் பொறுப்பெடுக்க முடியாது.

வரிசைப்படுத்தலிலும் இதே கதை. மல்லாவி, மன்னார் இரண்டில் அகராதியில் முந்துவது மல்லாவி, ஏனெனில் லகரம் இடையினத்தின் நடுவில், னகரம் மெய்களின் கடைசியில். குறியெண்படி வரிசைப்படுத்தினால் மன்னார் முந்தும். யூனிகோட் அட்டவணையில் ‘ன’ நகரத்துக்கு அடுத்தபடியாக உட்கார்ந்திருக்கிறது. ‘ஏறுவரிசையில் தரும்’ என்று எழுதுவது போதாது, எந்த வரிசை என்று எழுதவேண்டும். சில இடங்களில் பெயர் வைத்தவரே வேலையைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார். பலரினாவில் சிறிய எழுத்தாக்கும் சார்பின் பெயர் ‘ஆஸ்கி’ என்று முடிகிறது. ஆங்கில நெடுங்கணக்குக்கு வெளியே அது கைவைக்காது என்பதைப் பெயரே சொல்லிவிடும். ஓர வெளிகளை நீக்கும் ட்ரிம் சார்பின் பெயரில் அந்த வால் இல்லை. அதுவும் ஆஸ்கி வெளிகளை மட்டுமே நீக்கும். சொல்செயலியிலிருந்து நகலெடுத்த பெயரின் ஓரத்தில் ஒட்டிவரும் உடையா வெளி போகாது. இங்கே விளக்க வரிதான் துணை.

ஒரு சிறு புதினம். 2019இல் வந்த யூனிகோட் 12.0 முந்திரி முதலான பழந்தமிழ்ப் பின்னக் குறிகளைத் தனித் தொகுதியாகச் சேர்த்தது. அவை அட்டவணையின் மேல்தளத்தில் இருப்பதால் ஜாவாவின் நீளச் சார்பு ஒரு முந்திரிக் குறியை 2 என்று எண்ணும். பலரினா ஜாவா இயந்திரத்தின்மேல் ஓடினாலும் அதை 1 என்றே எண்ணவேண்டும், பக்கம் அப்படி வாக்குக் கொடுத்திருப்பதால். முந்திரி குறிக்கும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கை இப்போது யாரும் கணக்கில் எழுதுவதில்லை. ஆனாலும் வாக்கைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல எழுத்து அமையாது.

நேரம் இன்னும் சிக்கலானது. பலரினாவின் டைம் கூறில் இரண்டு வகை நேரம் உண்டு. ‘யூடிசி’ என்பது 1970 ஜனவரி 1 முதல் கடந்த வினாடிகள். ‘சிவில்’ என்பது சுவர்க் கடிகாரமும் நாட்காட்டியும் காட்டுவது. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக வலயத்தின் பெயரோ யூடிசியிலிருந்து விலகும் அளவோ வேண்டும். வலயப் பெயர்களும் அவற்றின் வரலாறும் ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கி இப்போது போல் எகர்ட் பராமரிக்கும் நேர வலயத் தரவுத்தளத்திலிருந்து வருகின்றன. பெரும்பாலான மொழிகளின் நூலகங்கள் தண்ணி அள்ளுவது அந்த ஒரே கிணற்றில்தான். இலங்கைக்கு அதில் ‘ஆசியா/கொழும்பு’ என்று ஒரே வலயம்.

1996 மே 25இல், மின்தட்டுப்பாட்டை முன்னிட்டு, இலங்கை கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி யூடிசி +6:30 ஆக்கியது. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் பின்னே இழுத்து +6:00. 2006 ஏப்பிரல் 15இல் மீண்டும் பழைய +5:30. தரவுத்தளத்தின்படி 1996 மே 25 நள்ளிரவு 12 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் கொழும்பில் நேரமே இல்லை. 2006 ஏப்பிரல் 15 நள்ளிரவு 12 மணி முதல் 12.30 வரை இரண்டு தடவை வந்தது. அந்த அரை மணித்தியாலத்துக்குள் ஒரு சிவில் நேரத்தைக் கொடுத்து யூடிசி கேட்டால் சார்பு முதல் தடவையை எடுக்குமா, இரண்டாவதையா? பலரினாவின் சிவில் வகையில் இதைக் குறிக்கவென்றே ஒரு புலம் இருக்கிறது. புலம் இருந்தால் மட்டும் போதாது. அதை வெறுமையாக விட்டவருக்கு என்ன கிடைக்கும், இல்லாத நேரத்தைக் கொடுத்தவருக்கு என்ன கிடைக்கும் என்று பக்கம் சொல்லவேண்டும்.

வன்னியில் இந்தக் கணக்கு இன்னொரு திருப்பம் எடுக்கிறது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் 1996இன் மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே +5:30 அப்படியே தொடர்ந்தது. 2002 போர்நிறுத்தத்தின் பின் ஏ9 வீதி திறந்தபோது, வடக்கே போகிறவர் ஓமந்தையில் கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னே வைத்தார். முகமாலை தாண்டி யாழ்ப்பாணம் போகிறவர் திரும்ப முன்னே வைத்தார். வவுனியா நகரம் கொழும்பு நேரத்திலும் கிளிநொச்சியும் புதுக்குடியிருப்பும் பழைய நேரத்திலுமாக ஒரே வன்னியில் இரண்டு கடிகாரங்கள் ஓடின. கிளிநொச்சி நகரமோ 1996 செப்டெம்பரில் இராணுவத்தின் கைக்கும் 1998 செப்டெம்பரில் புலிகளின் கைக்கும் போன இடம்; அங்கே எந்தக் கடிகாரம் என்பது ஆண்டையும் பொறுத்தது.

ஆகவே 2004இல் கிளிநொச்சியில் காலை 6.10க்குப் பிறந்த பிள்ளையின் நேரத்தை ‘ஆசியா/கொழும்பு’ என்று கொடுத்துக் கணித்தால் விடை அரை மணித்தியாலம் பிசகும். ஒரு லக்கினம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் நிற்கும். அதில் கால்பங்கு பிசகு. அந்த ஆண்டுகளில் வன்னியில் பிறந்தவரின் சாதகத்தைக் கையால் கணிப்பவர் ‘எந்த நேரம்?’ என்று கேட்டால்தான் கணக்குச் சரிவரும்; மென்பொருள் கேட்பதில்லை. தரவுத்தளத்தைப் பராமரிப்பவர்களுக்கு இது தெரியாததும் இல்லை. ஆசியாவுக்கான தரவுக் கோப்பில், இலங்கை வரிகளுக்கு மேலே, 2006இல் போல் எகர்ட் ஒரு குறிப்பு எழுதிவைத்திருக்கிறார்: தமிழர் கட்டுப்பாட்டில் உள்ள பகுதிகளில் வசிப்பவர்கள் கொல்கத்தா வலயத்தைப் பயன்படுத்தலாம், 1970 முதல் அது அப்பகுதிகளின் நேரத்தோடு ஒத்திருக்கிறது என்ற பொருளில். சரியான விடை அதுதான். ஆனால் அது தரவுக் கோப்பின் கருத்துரை வரி. செய்நிரல் அந்த வரியை வாசிக்காது. எந்த மொழியின் ஆவணக் கருவியும் அதைத் தன் பக்கத்துக்குக் கொண்டுவராது. 2004ஆம் ஆண்டுப் பதிவேட்டைக் கணினியேற்றுபவர் கைக்குக் கிட்டிய பக்கத்தைப் பார்த்து, கொழும்பு என்று எழுதிவிட்டுப் போவார்.

நூலகப் பக்கத்தில் வன்னியின் வரலாற்றை எழுத இடமில்லை, எழுதவும் கூடாது. மூன்று விடயங்களை எழுதலாம்: தரவு எங்கிருந்து வருகிறது, அது எப்படிப் புதுப்பிக்கப்படுகிறது, வலயத்துக்கு வைத்த நகரின் பெயர் அந்த நாட்டின் எல்லா ஊருக்கும் எல்லா ஆண்டிலும் பொருந்தும் என்று கொள்ளக்கூடாது. மூன்றாவது வாக்கியத்தைப் பல மொழிகளின் பக்கங்களில் தேடினாலும் அகப்படாது. எழுதியவர்களின் ஊரில் கடிகாரம் ஒன்றாகவே இருந்திருக்கும்.

உதாரணங்களுக்கு வருவோம். வாசகர் விளக்கத்தைத் தாண்டி உதாரணத்துக்குப் பாய்வார், நகலெடுப்பார், ஒட்டுவார். ஆகவே பக்கத்தில் மிக விரைவாகக் கெட்டுப்போகும் பகுதியும் அதுவே. பைதன் 2001இல், 2.1 பதிப்போடு, டிம் பீட்டர்ஸ் எழுதிய டொக்டெஸ்ட் கூறைச் சேர்த்துக்கொண்டது. விளக்கத்துக்குள் இருக்கும் உதாரணத்தை ஓட்டி, பக்கத்தில் எழுதிய விடையோடு ஒப்பிடும். ரஸ்டும் கோவும் இதைத் தம் சோதனைக் கட்டளைக்குள்ளேயே வைத்திருக்கின்றன. அந்த வசதி இல்லாத இடத்தில் கையால் ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வழி இல்லை. சுவான் லேக் வந்தபோது கட்டளையின் பெயர் ‘பலரினா’விலிருந்து ‘பால்’ என்று சுருங்கியது. டைம் கூறில் இப்போதைய நேரம் தரும் பழைய சார்பு போய் ‘யூடிசிநவ்’ வந்தது. எந்த உதாரணத்தில் எது எஞ்சியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடவேண்டும். தேடல் கருவி பெயரைக் கண்டுபிடிக்கும். பழைய நடையில் எழுதிய, பெயர் மாறாத உதாரணத்தைக் கண்டுபிடிக்காது.

கைவிடும் சார்புகளுக்குத் தனி மரியாதை வேண்டும். ஜாவாவில் இழையை வெளியிலிருந்து நிறுத்தும் சார்பைத் தவிர்க்கும்படி 1998இலேயே எழுதினார்கள். 2023இல் ஜாவா 20 வரும்வரை அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது. 2023இல் பைதன் 3.12, வலயம் ஒட்டாத யூடிசி நேரத்தைத் தரும் சார்பைத் தவிர்க்கச் சொன்னது. பலரினாவில் இதற்கு ஒரு குறியீடும் விளக்கத்துக்குள் ஒரு தலைப்பும் உண்டு. தலைப்பின்கீழ் எதற்குப் பதில் எது, ஏன் என்ற இரண்டும் இருக்கவேண்டும். பதிலை மட்டும் எழுதி ஏனை விட்டால், பழைய சார்பை ஓட்டிக்கொண்டிருப்பவர் மாறமாட்டார்.

பக்கங்களின் மொழி ஆங்கிலம். உயர்தரம் வரை தமிழில் படித்து, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறியவர் வாசிக்கிறார் என்று நினைத்து எழுதினால் எல்லாருக்கும் நல்லது: குறுகிய வாக்கியம், ஒரு பொருளுக்கு ஒரே சொல், மரபுத்தொடர் வேண்டாம். உசாத்துணையையே தமிழாக்கலாமே என்ற யோசனை அடிக்கடி எழும். அறிமுகப் பாடங்களைத் தமிழாக்குவது பயன் தரும், செய்யவேண்டிய வேலையும்கூட. உசாத்துணையைத் தமிழாக்கிவிட்டு ஒவ்வொரு வெளியீட்டோடும் அதைத் தொடர ஆள் வைக்காவிட்டால், இரண்டு பதிப்பு பிந்திய தமிழ்ப் பக்கம் வாசகரைக் குழிக்குள் தள்ளும். அதைவிட ஆங்கிலப் பக்கத்தில் தமிழ்ச் சரத்தோடு ஒரு உதாரணம் சேர்ப்பது மேல்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு போனபோது, கைவசம் நகல் இல்லாத ஆவணம் என்ன பெறுமதி என்பது நாடு முழுக்கத் தெரிந்தது. மடிக்கணினியின் மின்கலம் தாக்குப்பிடிக்கும். வழிப்படுத்தியும் தொலைபேசிக் கோபுரமும் தாக்குப்பிடிக்கா. களஞ்சியத்தை முழுதாக இறக்கி வைத்திருப்பவர் விளக்க வரிகளை மூலக்குறிமுறையிலேயே வாசிக்கலாம், திருத்தலாம், பக்கங்களைக் கட்டிப் பார்க்கலாம். இணைப்பு வந்ததும் அனுப்பிவிடலாம். ஆவணத் திருத்தம் சிறியது, தனித்தது, அரை மணித்தியாலத்தில் முடிவது. இணைப்பு விட்டுவிட்டு வரும் இடத்தில் செய்வதற்குத் தோதான வேலை.

வெளியீட்டுக்கு முந்தின கிழமை மாற்றப் பட்டியலை ஒரு பக்கமும் ஆவணத்தை மறுபக்கமும் வைத்துக்கொண்டு சரிபார்ப்பது நடக்கும். தலைப்பு மாறிய ஒவ்வொரு சார்பும், இயல்புப் பெறுமானம் மாறிய ஒவ்வொரு பரமானமும் இரு கண்களுக்காவது பட்டிருக்கவேண்டும். தலைப்பு மாறாமல் நடத்தை மட்டும் மாறியவைதான் நழுவும். வழு திருத்தம் என்ற பெயரில் அவை உள்ளே வந்திருக்கும். ஆகையால் திருத்தங்களின் பட்டியலையும் வரிவரியாக வாசிக்கவேண்டும், சலிப்பாக இருந்தாலும். விளக்கம் குறிமுறைக்குள்ளேயே இருப்பதால் பதிப்பு வெளியேறிய பிறகு அதன் பக்கத்தைத் தனியாகத் திருத்த இயலாது. அதன்பின் அகப்படும் எழுத்துப்பிழைகள் அந்தக் கூறின் அடுத்த சிறு பதிப்புக்கான பட்டியலில் சேரும்.